அப்பாவும் பயந்துடுவார்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் மத்தியில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். ஒரு திருகை முடுக்கிவிட்டு இறங்கி வருவார். மறுபடி ஏறிப்போய் அதைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டுக்குப் பாதி வழி போனவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதும் உண்டு. "இவர் கை வெச்ச லிஃப்டுல கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்" என்று மேஸ்திரி போகிற இடமெல்லாம் சொல்வார். அந்தப் பேருக்குள் அவர் வசதியாக ஒளிந்துகொண்டார். மனைவி பேக்கரி வேலைக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று போன். எடுக்காவிட்டால் உடனே அடுத்த போன். மகள் இருமினால் அவருக்குச் சோறு இறங்காது. பாசக்கார மனுஷன் என்றார்கள் சொந்தக்காரர்கள்.

ஒரு மதியம், துணிக்கடை லிஃப்டின் அடிக்குழியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. மூச்சு உள்ளே போகவில்லை. கதை முடிந்தது என்றே நினைத்தார். கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

இசிஜி பார்த்த டாக்டர், "இதயத்துல ஒண்ணும் இல்லை. பதட்டம் மாதிரி தெரியுது. மனநல டாக்டர் ஒருத்தரைப் பாருங்க" என்றார்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். கேட்டவர்களிடம் வாயுத் தொல்லை என்றார். அடிக்குழி வேலை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி மற்றவர்கள் தலையில் கட்டினார்.

அந்த வருஷமே மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வயிற்று வலி தொடங்கியது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது சுருண்டு படுப்பாள். விடுமுறை நாளில் வலி இருக்காது. "நடிக்குது. நாலு போடு போட்டா சரியாப் போயிடும்" என்றாள் அவளுடைய பெரியம்மா.

குழந்தை டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தார். "வலி நிஜம்தாங்க. ஆனா காரணம் வயித்துல இல்லை" என்று, அதே கட்டடத்தில் இருந்த ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் நரைத்த தலையுடன் இருந்த ஒரு பெண்மணி. பெற்றோர் இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தாளில் ஒரு மனித உருவம் வரைந்து மகளிடம் கொடுத்து, பயம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது, வண்ணம் தீட்டிக் காட்டு என்றார். அவள் வயிறு முழுக்கச் சிவப்பாக்கினாள்.

"எப்போ வரும்?"

"அம்மா பஸ் ஏறும்போது. பஸ் கவுந்துட்டா?"

"இதை யார்கிட்ட சொல்லுவே?"

"அம்மாகிட்ட. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா அப்பாவும் பயந்துடுவார். பாத்ரூம்ல போய் மூச்சு வாங்குவார். குழாயைத் திறந்துவிட்டா வெளியே கேக்காதுன்னு நினைக்கிறார்."

பின்னால் இருந்த அப்பாவால் தலை நிமிர முடியவில்லை. தாயும் மகளும் வெளியே போனபிறகு அவர் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார்.

"என்னாலதானா அவளுக்கு இது?"

"அப்படி ஒரே காரணம் சொல்ல முடியாதுங்க. யார் தப்புன்னு தேட வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கு?"

அடிக்குழியிலிருந்து என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "சின்ன வயசுலேருந்து" என்று வந்தது. சொல்லிவிட்டு அவரே திகைத்தார்.

ஆலோசகர் அனுப்பிய மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். வாரம் ஒருமுறை இவர் ஆலோசகரிடம் போய்ப் பேசினார். வேலையின் விதிப்படி சோதிப்பது வேலை, அதற்கு மேல் போவது பயம் என்று பிரித்துப் பார்க்கப் பழகினார். வண்டியைத் திருப்பாமல் வீட்டுக்கு வந்த முதல் நாள், உள்ளங்கை வேர்த்துக் கைப்பிடி வழுக்கியது. மகளின் வகுப்பு டீச்சர், வலி வந்தால் சற்று நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டு வர அவளை அனுமதித்தார்.

ஒருநாள் மேஸ்திரியிடம் உண்மையைச் சொன்னார். "வாயு இல்லைண்ணே. பதட்ட நோய். மருந்து சாப்பிடுறேன்." கேலி வரும் என்று காத்திருந்தார்.

மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். "என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. என்னன்னு நாங்க யாரும் அவனைக் கேக்கலை" என்றார். அன்று இவர் குழிக்குள் இறங்கியபோது, வேலை முடியும்வரை மேஸ்திரி மேலேயே நின்றார்.

வயிற்று வலி அடியோடு போய்விடவில்லை. மழை பெய்த ஒரு காலையில் மகள் அம்மாவைத் தாண்டி வந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, வயிறு வலிக்குது."

அவர் பாத்ரூம் பக்கம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் படபடன்னுதான் இருக்கு. கொஞ்சம் உக்காந்துட்டு ரெண்டு பேரும் போவோம்."

அன்று அவர்கள் பள்ளிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.