இஸ்திரி போட்ட சீட்டு

பிற்பகல் மூன்று மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். சித்தி போய்விட்டாள் என்றார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி வாடகை வண்டியில் ஏறியவள், மருத்துவமனை வாசலில் தானாக இறங்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள், அந்த வங்கிப் பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். மருத்துவமனையில் கட்ட வேண்டியிருந்ததாம். அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்தால் ஏன் கேட்கிறார்? ஆனாலும் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது.

சித்தி என் அம்மாவின் தங்கை. திரைச்சீலை தைப்பவள். கடைக்காரர் துணியையும் ஜன்னல் அளவையும் கொடுத்தனுப்புவார். அவள் வீட்டு முன்னறையில், மோட்டார் வைத்த மெஷினில் தைத்து அனுப்புவாள். அந்த அறையில் வெட்டுகிற மேசை போக மீதி இடத்தில்தான் மனிதர்கள் உட்கார வேண்டும். நூல்பிசிறு இல்லாத மூலையே கிடையாது. உப்பு ஜாடியில்கூட ஒரு நீல நூல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தைப்பது பாதி, இஸ்திரி பாதி என்பாள். மடிப்பு நேராக விழாவிட்டால் எவ்வளவு விலையுள்ள துணியும் கந்தல்தான் என்பது அவள் கட்சி. கசங்கிய எதையும் அவளால் சும்மா விட முடியாது. பரிசுப் பொருள் சுற்றி வந்த காகிதம், காலண்டர் தாள், சித்தப்பாவின் கைக்குட்டை, சமயத்தில் கடைக்காரர் சுருட்டிக் கொடுத்த நோட்டு, எல்லாவற்றின் மேலும் ஈரத்துணி விரித்துப் பெட்டியை ஓட்டிவிடுவாள். “என் மூஞ்சியில விழுந்த சுருக்கத்தயும் ஒரு தடவை எடுத்து விட்டுடு” என்று சித்தப்பா கேட்டபோது, அதற்கு நிறையத் தண்ணீர் தெளிக்க வேண்டும், குடத்துத் தண்ணீர் போதாது என்றாள். அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்த காலமும் இருந்தது.

தையல் மெஷினை வங்கிக் கடனில் வாங்கினாள். மாதம் ஐந்தாம் தேதி தவணை தானாகக் கழிந்துவிடும். கணக்கில் பணம் போதாவிட்டால் வங்கியே போட்டுக் கட்டிவிடும், அதற்கு ஓவர்டிராஃப்ட் என்று பெயர், கவலைப்பட வேண்டாம் என்று கணக்கு திறந்தபோதே சொன்னார்கள். அவள் கேட்காமல் கொடுத்த வசதி. கேட்காமல் கொடுக்கிறவன் சும்மாவா கொடுப்பான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

கடைக்காரருக்கு ஒரு பழக்கம். திரைச்சீலையை ஜன்னலில் மாட்டி, வீட்டுக்காரர் சரி என்ற பிறகுதான் கூலி தருவார். ஒரு மாதம் அந்தக் கூலி நான்காம் தேதி மாலைதான் வந்தது. சித்தி அப்படியே நடந்துபோய், வங்கி வாசலில் பணம் போடும் மெஷினில் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் விடுமுறை. வேலை நேரம் முடிந்து விழுந்த பணம் ஆறாம் தேதிதான் கணக்கில் ஏறியது. தவணை மட்டும் ஐந்தாம் தேதியே பிசகாமல் கழிந்தது.

“குடுக்கிற கைக்குத்தான் லீவு போல” என்றாள் பிறகு என்னிடம். “எடுக்கிற கைக்கு லீவே கிடையாது.”

கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனதற்கு ஒரு கட்டணம். கட்டணம் கழிந்ததால் அடுத்த மாதத் தவணைக்குப் பணம் குறைந்தது. அதற்கும் ஒரு கட்டணம். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று தனியாக ஒன்று. போட்டதெல்லாம் கட்டணத்துக்கே சரியாகப் போக, தவணை எப்போதும் ஓர் அடி பின்தங்கியே வந்தது. இதையெல்லாம் அவள் கண்டுபிடிப்பதற்குள் ஓர் ஆண்டு ஓடிவிட்டது.

சித்தப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இவள் தைக்கிறாள், தைக்கிறாள், கணக்கில் மட்டும் காசு நிற்கவில்லை. “உன் கையில ஓட்டை இருக்கு. கார்டு இனிமே எங்கிட்டயே இருக்கட்டும்” என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நூல்கண்டுக்குக்கூட அவரிடம்தான் கேட்க வேண்டும். கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது, போன வாரம்தானே வாங்கினாய் என்று ஒரு வார்த்தை. அது வெள்ளை, இது பழுப்பு என்று அவள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் என்னிடம் வந்தாள். படித்தவள், மனு எழுதத் தெரிந்தவள் என்று.

“பணம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்டி. தப்பு எங்களோடதுன்னு பேங்க்காரங்க ஒரு வரி எழுதித் தரணும், அவ்வளவுதான். அதை அவர் முன்னாடி வெச்சுட்டு என் கார்டை வாங்கிக்கறேன்.”

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிப் பெண் பொறுமையாகத்தான் பேசினார். பணம் போட்ட அன்று மெஷின் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்தால் மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். சித்தி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். ஒரு பழைய பையின் அடியில் கசங்கிக் கிடந்த சீட்டு அகப்பட்டது. தேதி, நேரம், தொகை எல்லாம் மங்கலாக இருந்தாலும் படிக்க முடிகிறது என்று போனில் சொன்னபோது, அவள் குரலில் பல மாதங்களாகக் காணாத துள்ளல்.

மறுநாள் வங்கி வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். ஓரம்கூட மடங்காத, கத்தி போல நேரான ஒரு கறுப்புத் தாள்.

கசங்கிய சீட்டைப் பெரிய மனிதர்கள் முன்னால் எப்படி நீட்டுவது என்று இஸ்திரி போட்டிருக்கிறாள். அந்தத் தாளில் மையே கிடையாது, சூட்டினால்தான் எழுத்து விழுகிறது, சூடு பட்டால் தாள் முழுவதும் எழுத்தாகிவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

“சூடு கம்மியாத்தான் வெச்சேன்” என்றாள். “பட்டுக்கு வெக்கிற சூடு.”

அதிகாரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் சிரித்தார்.

“இதுல என்னம்மா தெரியுது?”

“நேத்து வரைக்கும் தெரிஞ்சுது.”

நான் விடவில்லை. பணம் போட்ட மெஷினுக்குள்ளேயே பதிவு இருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள் என்று எழுதினேன். பதில் வரவில்லை. நினைவூட்டினேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். வங்கிகளின் குறைதீர்ப்பாளருக்கு, சித்தியின் சார்பில் என் முகவரி கொடுத்துப் புகார் அனுப்பினேன். அந்த மெஷின் பதிவைக் கொடுக்கும்படி அங்கிருந்து வங்கிக்கு உத்தரவு போனது. உடனே வங்கிக்குக் குரல் இனித்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், வாடிக்கையாளர் மீதுள்ள நல்லெண்ணத்தின் அடிப்படையில், எல்லாக் கட்டணங்களையும் திருப்பித் தருவதாகவும், இனிப் புகார் ஏதும் இல்லை என்று கையெழுத்திட்டு அனுப்பும்படியும் கடிதம் வந்தது.

போட்டுவிடு சித்தி என்றுதான் நானும் சொன்னேன். அவள் கடிதத்தை மேசைமேல் வைத்துக் கையாலேயே நீவிவிட்டாள்.

“நல்லெண்ணம்னா என்ன அர்த்தம்? நான் கையேந்தினேன், அவங்க போட்டாங்கன்னுதானே? இதை அவர்கிட்ட காட்டினா என்ன சொல்வார் தெரியுமா? பாவம் பார்த்துக் குடுத்திருக்காங்க, இனிமேலாவது பார்த்து நடந்துக்கோன்னு சொல்வார்.”

கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் அவள் இல்லை.

கணக்கின் வாரிசு என்ற முறையில் சித்தப்பா கையெழுத்துப் போட்டார். பணம் வந்தது. கணக்கு அப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்ததால், வந்த பணத்தில் அந்தப் பள்ளத்தை முதலில் நிரப்பிக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்தார்கள். மருத்துவமனைக்கு அது போதவில்லை. அதைச் சொல்லத்தான் மறுபடி போன் செய்தார். சொல்லிவிட்டும் வைக்கவில்லை.

“ஏம்மா, அன்னிக்கு அவ நெஜமாவே பணம் போட்டாளா?”

போட்டாள் என்றேன்.

“அந்தச் சீட்டை நீ பார்த்தியா?”

“கறுப்பானப்புறம்தான் பார்த்தேன் சித்தப்பா.”

“அதான்” என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

போன வாரம் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. புகார்தாரர் காலமானதாக வங்கி தெரிவித்திருக்கிறதாம். வாரிசு போட்ட கையெழுத்து மட்டும் போதாதாம், இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றை அனுப்பினால் புகாரை முடித்துவிடுவார்களாம். மெஷின் பதிவைக் கேட்டுப் போட்ட உத்தரவும் அத்துடன் ரத்தாகுமாம். அதுவரை புகார் நிலுவையில் இருக்கும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள்.

நகல் எடுத்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.