முழு அரசாணிக்காய்

பூசணிக்காயைத் திருப்பூரில் அரசாணிக்காய் என்பார்கள். வந்த புதிதில் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்காரம்மா தன் தோட்டத்தில் காய்த்த ஒன்றைத் தூக்கிவந்து என் அறை வாசலில் வைத்தபோது, என் கணவர் பெங்களூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அங்கே கார்மெண்ட்ஸில் தையல் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார்.

“ஊட்டுக்காரரு வந்து வெட்டட்டுங் கண்ணு. முழுக் காயப் பொம்பள வெட்டக் கூடாது” என்றார் அந்தம்மா.

விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊரிலும் இதே சட்டம்தான். ஆண்பிள்ளை கையால்தான் முதல் வெட்டு விழ வேண்டும். அரிவாளால் ஒரே போடு போட்டுவிட்டு அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். விதையை வழிப்பது, தோல் சீவுவது, அடுப்பில் வேகவைப்பது எல்லாம் நம் பாடு. என் கணவர் கூடுதலாக, துண்டு குழையக் கூடாது என்று உத்தரவும் போடுவார்.

காயை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெட்டாத காய் மாதக்கணக்கில் தாங்கும். அவர் வந்ததும் புளிக்குழம்பு வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மளிகைக் கடை போனுக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். மூன்று ஞாயிறு கூப்பிட்டார். அதற்குப் பிறகு நான் மட்டும் பதினோரு மணிக்குக் கடை வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் பாவம், நான் நிற்பதையே பார்க்காத மாதிரி பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பார்.

பக்கத்து அறை அக்கா ஒருநாள் காயைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்காரர அனுப்பட்டுமா? ஒரு போடு போட்டுக் குடுத்துருவாரு” என்றார்.

“வேணாங்க்கா. அவுக வரட்டும்.”

எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. வேறொருவர் வெட்டிவிட்டால், என் கணவர் வர மாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. பனியனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பிடித்துவிடுவேன். சொந்த விஷயத்தில் மட்டும் கண் அவிந்து கிடந்தது.

நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காயின் காம்புப் பக்கம் விரல் பட்டதும் உள்ளே போனது. பெங்களூரில் அவர் தங்கியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு கடை. அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு என்று அதன் நம்பரைச் சொல்லியிருந்தார். நான் அதுவரை கூப்பிடாததற்குக் காரணம் கீழ்ப்படிதல் இல்லை, பயம். காய் அழுகுவதும் அவசரம்தானே என்று சொல்லிக்கொண்டு பூத்துக்குப் போனேன்.

தமிழ்க் குரல்தான் எடுத்தது. அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். “அவரா? அவரு குடும்பத்தோட வேற வீட்டுக்குப் போயிட்டாரே. நீங்க யாரும்மா?”

ரிசீவரை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்தேன். முதல் போடு வழுக்கியது. இரண்டாவது பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது. அரிவாளோடு காயைத் தூக்கித் தரையில் அடித்தேன், பிளந்தது. கால்வாசி அழுகல். அதை அரிந்து எறிந்துவிட்டு, மீதியில் விதையையும் நாரையும் வழித்தெடுத்து, தோல் சீவி நறுக்கினேன். கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, துண்டுகளை வதக்கிப் புளியைக் கரைத்து ஊற்றினேன். வெல்லம் போட்ட பிறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்து பார்த்தால் எல்லாம் குழைந்து கூழாகியிருந்தது. குழையட்டும், அதட்ட யார் இருக்கிறார்கள்?

காய் கொடுத்தவர் ஆயிற்றே என்று ஒரு கிண்ணம் வீட்டுக்காரம்மாவுக்குக் கொண்டு போனேன். என் கணவர் எப்போது வருகிறார் என்று கேட்டால், பெங்களூரில் வேலை நெருக்கடி, அடுத்த மாதம் வருகிறார் என்று சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, “யாருங் கண்ணு வெட்டுனது?” என்றார்.

“நாந்தாங்க.”

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “ஊர்லருந்து உங்கம்மாவ வரச் சொல்லு கண்ணு” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.