கீரைக்காரம்மாவின் தண்ணீர்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் கீரை விற்ற அம்மாவுக்குக் குச்சிக் கைகள். தெளிக்கும் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பார். பக்கத்து வேர்க்கடலைக் கடையில் நான் கூலிக்கு இருந்தேன். ஒருநாள் உதவுவதாக நினைத்து, கடலை அவிக்கக் கரைத்த உப்புத் தண்ணீரை, நல்ல தண்ணீர் என்றெண்ணி அவருடைய கீரைமேல் ஊற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அன்றைய கட்டுகளெல்லாம் துவண்டன.

“இன்னா நைனா, வெளிய உப்பு ஜாஸ்தியானா கீரைக்குள்ள கீற தண்ணி வெளிய வந்துடும்” என்றார். நல்ல தண்ணீரில் அலசி ஊறவைத்தார். பாதிதான் நிமிர்ந்தது. மீதியை என்னிடம் தந்தார்.

“வூட்டுக்கு எட்துகினு போய் கடையச் சொல்லு. உப்பு போட வேணாம்.”

எனக்கு வீடில்லை என்று சொல்லவில்லை. கடைந்து தர எனக்கு ஆள் இருப்பதாக ஒருவர் நினைத்தது பிடித்திருந்தது.