கரண்டிக் காம்பு வைத்தியம்

பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அம்மா இன்றைக்கும் தலையை மட்டும் திருப்ப மாட்டாள், உடம்போடு திரும்புவாள். அதில் என் கைங்கரியமும் கொஞ்சம் உண்டு.

நான் ஐந்தாவது படித்தபோது அம்மா கரும்பு வெட்டும் ஆட்களோடு போய்க்கொண்டிருந்தாள். கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி, பலகை மேல் ஏறி, லாரியில் போட வேண்டும். ஒரு சீசன் முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது கை மரத்துப்போனது. வில்லியனூரில் ஒரு பிசியோதெரபி அக்காவிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் முதலில் விரலால் கழுத்தையும் தோளையும் அமுக்கிவிட்டார். பிறகு ஏதோ களிம்பைத் தடவி, வளைந்த ஸ்டீல் தகடு ஒன்றால் மேலிருந்து கீழாக இழுத்து இழுத்துத் தேய்த்தார். தோல் சிவந்துபோனது. வாரம் இரண்டு தடவை வர வேண்டும், தலையில் சுமை மட்டும் வைக்கவே கூடாது என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கண் முழுக்க அந்தத் தகட்டின் மேல்தான் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்தேன். களிம்புக்குத் தேங்காய் எண்ணெய், தகட்டுக்குக் குழம்புக் கரண்டியின் காம்பு. “வலிச்சா சொல்லுங்க” என்று அந்த அக்கா மாதிரியே மரியாதையாகச் சொல்லிவிட்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

“போயிடுச்சிடி. டாக்டரம்மா கை வச்சா வலி நிக்குமா?” என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நாலு நாள் வைத்தியம் நடந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம், வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி மாமா வாசலில் வந்து நின்றார். கரையாம்புத்தூர் பக்கம் வெட்டு ஆரம்பம், ஆள் பற்றவில்லை.

“இன்னாம்மா, கழுத்து இன்னும் அப்படியேதான் இருக்குதா?”

“ஆமாண்ணா, இன்னும் கொஞ்ச நாளு...” என்று அம்மா இழுத்தாள்.

“அதெல்லாம் சரியாயிடுச்சி மாமா! நான்தான் தேச்சி சரி பண்ணேன். அம்மாவே சொல்லிச்சி!” என்றேன் நான்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். “கொழந்த பொய் சொல்லுமா? காலைல வந்துடும்மா.”

அம்மா என்னைப் பார்த்தாள். நாலு நாளாக என்னைக் கெட்டிக்காரி ஆக்கியவளுக்கு, வாசலில் வைத்துப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. “வரேண்ணா” என்றாள்.

அதோடு வில்லியனூர் போவது நின்றது. கழுத்தும் அதோடு போனது.

மறுநாள் காலையில் பழைய துணியைச் சுருட்டி நானே சும்மாடு செய்தேன். அம்மா வேலைக்குக் கிளம்புமுன் அதை ஒரு தடவை அவள் தலையில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். எப்போதும் குனிந்து தலையைக் காட்டுவாள். அன்று குனியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், மெல்ல மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு எட்டட்டும் என்றுதான் உட்காருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.