அடிக்காத போலீஸ்

என் வீட்டுக்காரர் குற்றப்பிரிவில் துப்பறிகிற போலீஸ். இருபது வருஷத்தில் ஒருத்தனையும் கைநீட்டி அடித்ததில்லை என்று ஸ்டேஷனே மெச்சும். மண்ணாங்கட்டி! அடித்திருந்தால்கூடத் தேவலை.

பிடிபட்டவனுக்கு முதலில் டீ வாங்கித் தருவார். விலங்கைக் கழற்றுவார். வழக்கைப் பற்றி மூச்சே விடமாட்டார். அம்மாவுக்கு உடம்பு எப்படி, தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று தேன் ஒழுக விசாரிப்பார். கடைசியில், "உன்னைக் காப்பாத்தத்தான் கேக்கறேன்ப்பா" என்பார். அவ்வளவுதான், எதிரே இருப்பவன் விக்கி விக்கி அழுது எல்லாவற்றையும் கக்கிவிடுவான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே அதை அப்படியே நடித்துக் காட்டுவார். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் தம்பி வேலை பார்த்த மில்லில் நடந்த அடிதடியில் மேஸ்திரி செத்துப்போனார். நாலு பேர் ஓடினார்கள், இவனும் அதில் ஒருத்தன். தடுக்கத்தான் போனேன், கைகூட வைக்கவில்லை என்று என்னிடம் போனில் கதறினான். எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று இவர் சீக்கிரமே வந்துவிட்டார். தானே டீ போட்டு என் கையில் கொடுத்தார். முட்டிவலி பரவாயில்லையா என்றார். தம்பி சின்ன வயதில் என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்த கதையை என் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு மெதுவாக, "வேற டீம் கையில சிக்கினா எலும்பை எண்ணிடுவாங்க. அவனைக் காப்பாத்தத்தான் கேக்கறேன்மா. உன் மேல சத்தியம்" என்றார்.

அந்த வசனம் எனக்கு மனப்பாடம். இருந்தும் சொல்லித் தொலைத்தேன். பாழாய்ப்போன வாய்! டீ ஆறுவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

மற்ற மூவரும் சிக்கவேயில்லை. பழி முழுக்க இவன் தலையில் விழுந்தது. ஆயுள் தண்டனை. வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு.

சிறையில் முதல் தடவை பார்த்தபோதே தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீயே போய்ச் சொல்லிட்டியாமேக்கா. மாமாதான் அழுதாரு. 'உன் அக்கா வாயைத் தொறந்துட்டாடா, இனி நான் என்ன பண்ண முடியும்'னு."

"டேய், அவர்தாண்டா என்னை ஏமாத்திக் கேட்டாரு!"

"அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே" என்று எழுந்து போய்விட்டான்.

ஆனாலும் மாதாமாதம் போகிறேன். போன வாரமும் ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன். காவலர் தனியாகத்தான் திரும்பி வந்தார்.

"உங்களைப் பாக்க மாட்டானாம்மா. மாமா எப்ப வருவாருன்னு கேக்கச் சொன்னான்."