அத்தை கடை மாவுப்பானை

இந்த வயதிலும் மாவுப்பானையின் மூடியைத் தட்டாமல் நான் திறப்பதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு மரியாதை. இன்று காலை அப்படித் திறந்ததும் எழுந்த புளிப்பு வாடை, வெள்ளைக்காரன் காலத்தில், குமுளி மலையேறும் மாட்டுவண்டிகள் இளைப்பாறும் கூடலூர்ச் சாலையில், விறகுப் புகையும் ஈரச் சாக்கும் ஏலக்காயும் கலந்து மணக்க, இட்லிக் கொப்பரை நாளெல்லாம் முணுமுணுத்துக் கொண்டிருந்த என் அத்தையின் கடைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே பெட்ரோல் பங்க் இருக்கிறது.

ஒருநாள் பழனிக்கு மாலை போட்டு, கறி மீன் தொடாமல் விரதமிருந்த வண்டிக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பள்ளியில் படித்த சூட்டோடு நான் வாய் திறந்தேன்.

"மாவுக்குள்ள உயிரு இருக்கு. ஒவ்வொண்ணும் ஒத்தைச் செல்லு. நம்ம செல்லுல இருக்கிற உட்கரு கூட அதுக்குக் கெடையாது. ஆனாலும் திங்குது, வளருது, பெருகுது. அதான் மாவு பொங்குது."

எடுத்த இட்லி யார் வாய்க்கும் போகவில்லை. அன்றைய வியாபாரமே போய்விடும் என்று அத்தை பதறினாள்.

"வெந்தா எல்லாம் செத்துரும், சாமி!"

"அப்பக் கொன்னுதான் எலையில வைக்கிறீகளா, ஆத்தா?" என்று மூத்த வண்டிக்காரர் எழுந்தார். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

ஆறிப்போன இட்லிகளை அத்தையும் நானும் இரவுவரை தின்றோம். கை கழுவும்போதுதான் அவள் பேசினாள்.

"திங்குது, வளருதுன்னியே, நீயும் அம்புட்டுத்தானலே செய்யிற. மாவாச்சும் விடியிறதுக்குள்ள ஒரு வேலைக்கு ஆகுது."