பச்சை வண்டியின் இரண்டாவது பிரேக்

காலை மணி ஆறு ஐந்து. முதலில் கண்ணில் பட்டது மாமாவின் கால்கள். முழங்காலுக்கு மேலே இருந்த மாமா முழுவதும் வண்டிக்கு அடியில் இருந்தார். வலது காலில் மட்டும் செருப்பு. பக்கத்தில் விரித்திருந்த சாக்கின் மேல் ஒரு ஸ்பேனர், ஒரு கிரீஸ் டப்பா, காகிதத்தில் சுற்றிய விரல் நீளப் புது ஸ்பிரிங், அதே மாதிரிப் பழைய ஸ்பிரிங் ஒன்று இரண்டு துண்டாக. பழைய துண்டுகளை நான் எடுத்துக்கொண்டேன். அவற்றை வைத்து என்ன விளையாடுவது என்று தோன்றாததால் வண்டியின் டேஷ்போர்டு அறைக்குள் போட்டு மூடினேன்.

"ஆத்தா, அந்தப் புதுச எடுத்துக் குடு" என்று வண்டியின் அடியிலிருந்து ஒரு கை நீண்டது. கொடுத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்காக நான் குமுளியில் மாமா வீட்டில் இருந்தேன். மாமா அம்மாவின் அண்ணன். கடைத்தெருவில் ஏலக்காயும் மிளகும் விற்கும் சிறிய கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி வாங்கக் கம்பம் போவோம்.

போவது பச்சை வண்டியில். அதன் முன்பாதி அம்பாசடர். பின்பாதியை யாரோ எந்தக் காலத்திலோ அறுத்தெடுத்துவிட்டு, தேக்குச் சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, வேனைப் போல நீட்டியிருந்தார்கள். பின்கதவு வீட்டு அலமாரி மாதிரி இரண்டாகத் திறக்கும். பாசிப்பச்சைப் பெயின்ட் கையால் அடித்தது. வெயிலில் பார்த்தால் பிரஷ் போன வழி தெரியும். அதற்குப் பிறகு யாரும் அதன் மேல் வேறு பெயின்ட் அடிக்கவில்லை. சுற்றுலா வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அவர்கள் படத்தில் விழாதது ஒன்று உண்டு. ஓட்டுபவருக்கு இடப்பக்கம் உட்காருபவரின் காலடியில் இன்னொரு பிரேக் பெடல் இருந்தது. அது என்னுடையது.

ஆறு வயதில் முதல் தடவை மலை இறங்கியபோது மூன்றாவது வளைவில் நான் வாந்தி எடுத்தேன். ஐந்தாவது வளைவில் இறங்கி நடந்து வருவதாகச் சொன்னேன். மாமா வண்டியை ஓரம் கட்டி, அந்தப் பெடலைக் காட்டி, "இது உன் பிரேக்கு. மலையில ஒருத்தர் கால் பத்தாது. நீயும் பாத்துக்க" என்றார். அதற்குப் பின் நான் வாந்தி எடுத்ததில்லை. நேரமும் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மிதிப்பேன், வண்டி அடங்கும். ஒரு தரம்கூடத் தவறியது கிடையாது. ஒரு நாள் கம்பத்திலிருந்து திரும்பும்போது கூடலூர் பக்கம் நேரான ரோட்டில், முன்னால் எதுவும் இல்லாதபோது, சும்மா மிதித்துப் பார்த்தேன். வண்டி சட்டென்று நின்றது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த அத்தையின் நெற்றி முன்சீட்டில் மோதியது.

"ஏங்க, சின்னப்புள்ள கையில பிரேக்க குடுத்துட்டு என்னத்த ஓட்டுறீங்க நீங்க?" என்றாள் அத்தை. திட்டு முழுவதும் மாமாவுக்குத்தான். அவர் வண்டியைத் திரும்பக் கிளப்பினார்.

அந்த வண்டியைக் கொடுத்துவிடுவது என்று பேச்சு வந்தது. அத்தைக்கு மூட்டை ஏற்ற ஒரு புது வேன் வேண்டும். தேக்கடி ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் பச்சை வண்டியைக் கேட்டு இரண்டு முறை வந்தார். எஞ்சினைக் கழற்றிவிட்டு, வாசலில் ஒரு மேடை கட்டி நிறுத்துவார்களாம். பக்கத்தில் வண்டியின் வரலாறு எழுதிய பலகை ஒன்று இருக்கும்.

"ஹிஸ்டரி வேணும் சார். அது இல்லேன்னா இது பழைய இரும்பு. யாரு செஞ்சது, எதுக்கு ரெண்டு பிரேக்கு?"

மாமா உடும்பஞ்சோலையில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் அந்த வண்டியை வாங்கியிருந்தார். அது டிரைவிங் ஸ்கூல் வண்டியாக இருக்கும் என்று அந்த வியாபாரி சொன்னதை மேனேஜரிடம் சொன்னார். மேனேஜரின் முகம் வாடியது. "டிரைவிங் ஸ்கூலா? அத எப்படி சார் பலகையில எழுதறது? ஒரு ராஜா, இல்லேன்னா ஒரு வெள்ளைக்கார தொரை, அந்த மாதிரி ஏதாவது விசாரிச்சுப் பாருங்க."

ஆர்.சி. புத்தகத்தில் முதல் உரிமையாளர் பக்கத்தில் பாதி அழிந்த ஒரு முகவரி இருந்தது: ஒரு ஜவுளிக்கடை, கோவிந்தாபுரம். பாலக்காட்டின் கிழக்கு எல்லை ஊர். அந்தச் சனிக்கிழமை போய் விசாரித்துவிடுவது என்று மாமா முடிவு செய்தார். அதற்காகத்தான் காலை ஆறு ஐந்துக்கு அவர் வண்டிக்கு அடியில் இருந்தார்.

ஆறரைக்குக் கிளம்பினோம். அத்தை வரவில்லை. மலை இறங்கும் வரை என் வேலையைச் செய்தேன். கம்பம் தாண்டி ரோடு நேரானதும் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. வரலாறு கிடைத்தால் வண்டி மேடைக்குப் போய்விடும், கிடைக்காவிட்டால் இருக்கும். வரலாற்றைச் சொல்லக்கூடியவர் ஒரே ஆள். பழனியில் மலை கண்ணுக்குத் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, அந்த ஜவுளிக்கடைக்காரர் உயிரோடு இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மாமா என் பக்தியைப் பார்த்து வண்டியை மெதுவாக ஓட்டினார்.

உடுமலை, பொள்ளாச்சி, மீன்கரை ரோடு. ஒன்றேகாலுக்குச் செக்போஸ்ட் வந்தது. முகவரியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. டீக்கடைக்காரர் கையிலிருந்த டீ வடிகட்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, இது பாயி வண்டிதானுங்க? பச்சை வண்டி திரும்பி வந்துருச்சு பாரு!"

"பாய் இருக்காருங்களா?" என்று கேட்டார் மாமா.

"கல்லாட்டமா இருக்கறாருங்க. அதா, மூணாவது கடை."

பழனி முருகன் என்னைக் கைவிட்டது அப்படித்தான்.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தொப்பி, கழுத்தில் அளவு டேப். கடைக்குப் பின்னால்தான் வீடு. வண்டியைப் பார்த்ததும் அவர் நேராக அதன் பின்னால் போனார். பின்கதவைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ புள்ள, இங்க வந்து பாரு, யாரு வந்திருக்கறதுன்னு" என்று கூப்பிட்டார். அவர் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து வாசலில் நின்றார். எங்களை அல்ல, வண்டியைப் பார்த்து, "வாங்க" என்றார்.

நெய்ச்சோறும் கோழியும் கிடைத்தன. எனக்கு இரண்டாம் முறை வைத்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பழனியில் நான் வேண்டிக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது.

சாப்பிட்டுக்கொண்டே கடைக்காரர் வரலாற்றைச் சொன்னார். வண்டியை அறுத்தது பொள்ளாச்சியில் ஒரு பட்டறை. துணிப் பொதி ஒன்றின் அகலத்தை அளந்து அதற்குத் தக்கபடி பின்கதவு வைத்தார்கள். பச்சை நிறம், ஏலத்தோட்டத்துப் பாசி ஒட்டினால் தெரியாமல் இருப்பதற்கு.

"எஸ்டேட்டுல சம்பள நாளைக்குத் துணியோட போயி நிப்பனுங்க. பொம்பளைங்க என்றகிட்ட வந்து என்னத்தக் கேப்பாங்க? என்ற ஊட்டுக்காரி வந்தாத்தான் யாவாரமுங்க. ஆனா போடிமெட்டு இறக்கத்துல ஒருக்கா லாரி எதுத்தாப்புல வந்துருச்சு. அன்னைக்கு இறங்கி நின்னவ, இனி ஏறமாட்டேன்னுட்டா. அதுக்கு வெச்சதுதானுங்க அந்த ரெண்டாவது பிரேக்கு. அப்பறம் மலை எறங்குனது பூராவும் இவ காலுலதானுங்க."

"ஆமா, இவியள உட்டா நேரா பள்ளத்துக்குத்தான்" என்றார் மனைவி, இன்னொரு கரண்டி சோற்றுடன் வந்தபடி. எல்லோரும் சிரித்தோம். நான் அதிகமாகச் சிரித்தேன். அந்த வேலையின் கஷ்டம் தெரிந்த இன்னொருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை.

மாமா சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் சோற்றுக் கையைத் தட்டில் வைத்துவிட்டு அந்த நோட்டையே பார்த்தேன்.

கை கழுவிய பின் அந்த அம்மா என்னை வண்டிக்கு அழைத்துப் போனார். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். என் இடத்தில் அவர் உட்கார்ந்தார். மாமாவின் இடத்தில் நான். குனிந்து பார்க்காமலே அவர் கால் பெடலின் மேல் போய் உட்கார்ந்தது. ஒருமுறை அமுக்கினார்.

"ஸ்பிரிங்கு புதுசு" என்றார். "யாரு மாத்துனது?"

"மாமா. இன்னைக்குக் காலையில. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவர் தலையைத் திருப்பிக் கடை வாசலைப் பார்த்தார். அங்கே கடைக்காரர் மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது இரண்டு முறை எங்கள் பக்கம் பார்த்தார். மாமா தலையாட்டினார். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"ரகசியம் பேசறாங்க பாரு" என்றார் அந்த அம்மா. அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

"என்ன ரகசியம்?"

"எனக்குத் தெரியக் கூடாததாமா கண்ணு. நீ கேட்டறாத. பாவம், இத்தனை வருசமாக் காப்பாத்தி வெச்சிருக்கறாங்க."

பிறகு பெடலைத் தட்டிக் காட்டி எனக்கு ஒரு பாடம் சொன்னார். "இத அமுத்தறப்ப ரோட்டத்தான் பாக்கோணும். ஓட்டறவிய காலப் பாக்கக் கூடாது. கீழயும் குனிஞ்சு பாக்கக் கூடாது. பாத்தீன்னா அவியளுக்குக் கூச்சமாயிரும். வெளங்குச்சா?"

விளங்கியது என்றேன். ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாது என்பதாக எடுத்துக்கொண்டேன். நல்ல பாடமாகத்தான் பட்டது.

அன்று அங்கேயே தங்க வைத்து, மறுநாள் காலை எனக்கு ஒரு பாவாடைத் துணியும் கொடுத்து அனுப்பினார்கள். உடுமலை தாண்டியபோது, பாய் காதில் என்ன சொன்னார் என்று கேட்டேன். "துணி வெல" என்றார். ஒட்டன்சத்திரத்தில் அவராகவே ஒருமுறை சிரித்தார்.

திங்கட்கிழமை மாலை மேனேஜர் கடைக்கு வந்தார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் மிளகு சலித்துக்கொண்டிருந்தேன். என் வண்டியின் விதி இனி மாமாவின் வாயில்தான் இருந்தது.

"என்ன சார், ஏதாவது கெடச்சுதா?"

"ஜவுளி ஏத்துன வண்டி சார். அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டாவது பிரேக்கு?"

"டிரைவிங் பழக."

"ஜவுளிக்கடையில எதுக்கு சார் டிரைவிங்?"

மாமா ஒரு ஏலக்காயை எடுத்து உரித்தார். "அந்த வீட்டுப் பசங்க பழகியிருப்பாங்க" என்றார். "வேற ஒண்ணும் கெடைக்கல சார்."

மாமா பொய் சொல்லி நான் பார்த்தது அன்றுதான். அதுதான் அவர் சொன்ன முதல் பொய் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் சொன்னார் என்றும் நம்பினேன். இவ்வளவு நல்ல வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஊர் பார்க்கும் பலகையில் எழுதவிடாமல் ஒரு மனிதர் ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வண்டி எங்களிடமே தங்கிவிட்டது; அது போதும்.

அத்தை மட்டும் விடவில்லை. "எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு வந்தீங்களே?" என்றாள்.

"எழுதுனேன். பலகையில போடுற கதை இல்ல அது, படிக்கிறவங்க குனிஞ்சு பெடலப் பாப்பாங்க. அந்தம்மா எப்பவாச்சும் தேக்கடி சுத்திப் பாக்க வந்தா?"

"வந்தா என்ன?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையின் காதில் ஏதோ சொன்னார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஆறு மாதம் கழித்து வேன் வாங்கினார்கள். பச்சை வண்டி கொட்டகைக்குப் போனாலும், மூட்டை இல்லாத நாட்களில் அதில்தான் போனோம். ரிசார்ட் வாசலில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினார்கள். அது ஒரு ராஜாவுடையது என்று பலகை சொல்லியது.

மேனேஜர் வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பம் இறங்கும்போது ரோட்டை மட்டும் பார்த்தேன். எல்லா வளைவிலும் வண்டி அடங்கியது. பதின்மூன்று வயது வரை அந்த இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு நாளும் கீழே குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தது சென்ற மாதம். வண்டியின் தரைத் தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. குமுளியில் ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக் பையன் அடியிலிருந்து என்னைக் கூப்பிட்டான். ஓட்டுபவரின் பெடலிலிருந்து பிரேக் குழாய் நான்கு சக்கரங்களுக்கும் போனது. இடப்பக்கப் பெடலிலிருந்து எதுவும் எங்கும் போகவில்லை. விரல் நீள ஸ்பிரிங் ஒன்று அதைத் தரைத் தகட்டோடு இழுத்துப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

"இது சும்மா வெச்சது அக்கா. எதுலயும் கோக்கல. எப்பவுமே கோத்திருக்க மாட்டாங்க, அதுக்கான ஓட்டையே இல்ல. தகடு மாத்துறப்ப கழட்டிரவா?"

வேண்டாம் என்றேன். ஸ்பிரிங்கும் தேய்ந்திருந்தது. அளவு பார்த்துப் புதிது வாங்குவதற்காக, டேஷ்போர்டு அறையில் கிடந்த பழைய துண்டுகள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி. வண்டியை நான் ஓட்டுகிறேன். அவர் இடப்பக்கம் உட்காருகிறார். வளைவுக்கு முன்னால் அவர் தன் பெடலை அமுக்கும்போது நானும் என்னுடையதை மிதிக்கிறேன், வண்டி அடங்குகிறது.